ரேச்சல் ஜாக்ஸன் மீது நடந்த தேர்தல்

1825ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 9ந் தேதி வாஷிங்டனில் கூடிய பிரதிநிதிகள் சபை, 99 தேர்வாளர் வாக்குகளுடன் முதலிடத்தில் நின்ற ஆண்ட்ரூ ஜாக்ஸனை ஒதுக்கிவிட்டு, 84 வாக்குகளே பெற்றிருந்த ஜான் குவின்ஸி ஆடம்ஸை அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். சபையில் ஆடம்ஸுக்கு ஆதரவு திரட்டிய ஹென்ரி க்ளே சில தினங்களுக்குள் ராஜாங்கக் காரியதரிசியாக நியமனம் பெறவே, இது அப்பட்டமான பேரம் என்று ஜாக்ஸனின் கட்சியார் கொதித்தெழுந்தார்கள். 1828ஆம் வருஷத் தேர்தலுக்கான யுத்தம் அன்றே மூண்டுவிட்டது. அந்த யுத்தத்தின் ராஜீய அம்சங்களைச் சரித்திராசிரியர்கள் வேண்டிய மட்டும் எழுதியிருக்கிறார்கள். எந்தப் பதவியையும் கோராமல், வாக்களிக்கும் உரிமைகூட இல்லாமல், தன் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேற விருப்பமில்லாமல் இருந்தும், அந்த யுத்தத்தில் யாரைக் காட்டிலும் ஆழமாகக் காயப்பட்ட ஒரு ஸ்திரீயைப் பற்றி இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

ஜாக்ஸனின் மனைவி ரேச்சல் அம்மையார் 1767ஆம் வருஷம் வர்ஜீனியாவில் பிறந்தவர். தகப்பனார் கர்னல் ஜான் டொனல்ஸன், 1779ஆம் வருஷக் குளிர்காலத்தில் தம் குடும்பத்தையும் வேறு பல குடும்பங்களையும் தட்டைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு, டென்னஸி, ஒஹையோ, கம்பர்லண்டு நதிகளின் வழியே சுமார் 1000 மைல் பிரயாணம் செய்து, இன்று நாஷ்வில் நகரம் இருக்கும் இடத்தில் கொண்டுவந்து குடியேற்றியவர். வைசூரி கண்ட குடும்பத்தார் இருந்த படகு பின்தங்கிப் பகைவர் கையில் சிக்கிக்கொண்டதையும், உதவ வழியில்லாமல் மற்றப் படகுகள் முன்னேறிச் சென்றதையும் பார்த்துவிட்டு வந்த அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 12. இப்படிப்பட்ட பிள்ளைப் பிராயத்தைக் கடந்து வந்தவரைக் கோழை மனம் படைத்தவர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. பின்னால் நேர்ந்ததை விளங்கிக்கொள்ள இதை நினைவில் வைத்திருப்பது அவசியம்.

1785இல் கென்டக்கியில் லூயிஸ் ரோபார்ட்ஸ் என்பவருக்கு அவரை மணம் செய்துகொடுத்தார்கள். ரோபார்ட்ஸ் சந்தேகப் பிராணி. மனைவி அந்நியருடன் இரண்டு வார்த்தை பேசினாலும் பொறுக்காதவர். அவரோடு வாழ முடியாமல் ரேச்சல் தாய் வீடு திரும்பினார். விதவையாகிவிட்ட தாயார் பணம் பெற்றுக்கொண்டு சிலருக்குத் தங்க இடமும் உணவும் கொடுத்து வந்தார். அப்படி வந்து தங்கியவர்களில் ஒருவர், புதிதாகத் தொழில் தொடங்கிய இளம் வக்கீல் ஆண்ட்ரூ ஜாக்ஸன். அக்காலத்தில் விவாகரத்து எளிதில் கிடைப்பதன்று. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவைச் சேர்ந்திருந்தபடியால், வர்ஜீனியா சட்டசபை தனிச் சட்டம் செய்தாலன்றி விவாக பந்தம் நீங்காது. ரோபார்ட்ஸின் விண்ணப்பத்தின் பேரில் 1790 டிசம்பரில் சட்டசபை அளித்தது விவாகரத்து அன்று; ஜூரிகள் முன் வழக்குத் தொடுப்பதற்கு அனுமதி மாத்திரமே. ஆனால் காடும் மலையும் கடந்து நாஷ்விலுக்கு வந்து சேர்ந்த செய்தியோ, விவாகரத்தே ஆகிவிட்டது என்பதாக இருந்தது. அதை நம்பி, 1791இல் ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த நாட்செஸில் மணந்துகொண்டதாக ஜாக்ஸனும் ரேச்சலும் சொன்னார்கள். 1793 செப்டம்பரில்தான், மனைவி தம்மை விட்டு ஓடி வேறொருவனுடன் வாழ்கிறாள் என்ற காரணத்தைக் காட்டி ரோபார்ட்ஸ் தீர்ப்புப் பெற்றார். திடுக்கிட்டுப் போன தம்பதிகள் 1794 ஜனவரியில் மறுபடியும் முறைப்படி மணம் செய்துகொண்டார்கள்.

நாட்செஸில் நடந்ததாகக் கூறப்படும் விவாகத்துக்கு ஆவணம் ஒன்றும் அகப்படவில்லை. இருவரும் எந்தச் செய்திக்கும் காத்திராமல் சேர்ந்து வாழத் தலைப்பட்டிருக்க வேண்டும் என்று கருதும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். இளம் பிராயத்தில், கொடுமை தாங்காமல் ஒரு கணவனை விட்டு வந்த பெண், பின்பு ஒருவருடனேயே முப்பது வருஷத்துக்கு மேல் அன்னியோன்னியமாகக் குடித்தனம் செய்து, மாதா கோவிலும் தோட்டமும் உறவினர் குழந்தைகளுமே உலகம் என்று வாழ்ந்து, ஊரில் எல்லோராலும் "ரேச்சல் அத்தை" என்று அழைக்கப்படும் நிலைக்கு வந்த பின், அந்த ஆதி விஷயத்தைத் தோண்டி எடுக்க எவருக்கு என்ன பாத்தியதை உண்டு என்பதுதான் என் கேள்வி.

தோண்டி எடுத்தவர்களில் முக்கியமானவர், "சின்சினாட்டி கெஜட்" பத்திரிகையின் ஆசிரியர் சார்லஸ் ஹாமண்ட். 1827ஆம் வருஷம் முதல் அவர் இந்த விஷயத்தைப் பத்திரிகையிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இடைவிடாமல் பிரஸ்தாபித்து வந்தார். ஒழுக்கம் தவறியவள் என்று ஜூரிகள் தீர்ப்பளித்த ஒருத்தியும் அவளைச் சேர்த்துக்கொண்டவரும் கிறிஸ்தவ நாடொன்றின் உன்னத ஸ்தானத்தில் அமரலாமா என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம். ஜாக்ஸனின் தாயாரையும் அவர் விடவில்லை. சுதந்திர யுத்தத்தின்போது சார்ல்ஸ்டனில் கைதிகளுக்குப் பணிவிடை செய்யப் போய், காய்ச்சல் கண்டு 1781இல் மாண்டுபோன அந்தத் தாயை, ஆங்கிலச் சிப்பாய்கள் அழைத்துவந்த விலைமகள் என்று அச்சிட்டார்கள். 14 வயதில் அநாதையாக விடப்பட்ட மகன், 60 வயதைக் கடந்து, இதைத் தம் வீட்டில் உட்கார்ந்து படித்தார். ஹாமண்டின் பின்னால் க்ளே இருக்கிறார் என்று ஜாக்ஸன் உறுதியாக நம்பினார். க்ளே அதை மறுத்தார்.

முந்தைய ஜாக்ஸனாக இருந்தால் கைத்துப்பாக்கியை எடுத்திருப்பார். 1806இல் சார்லஸ் டிக்கின்ஸன் என்பவரோடு குதிரைப் பந்தய விவகாரத்தில் தொடங்கிய பகை துவந்த யுத்தத்தில் முடிந்ததற்கு, ரேச்சலைப் பற்றி டிக்கின்ஸன் சொன்ன வார்த்தையும் ஒரு காரணம் என்பார்கள். டிக்கின்ஸன் மாண்டார், அவர் சுட்ட குண்டு ஜாக்ஸனின் இருதயத்துக்கு அருகில் ஆயுள் முழுவதும் தங்கிவிட்டது. ஆனால் ஜனாதிபதி பதவிக்கு நிற்கும் அபேக்ஷகர், அக்கால மரபின்படி, தமக்காகத் தாமே பிரசாரம் செய்தலாகாது; கோபத்தை வெளியிட்டாலோ, பாருங்கள் இந்த மூர்க்கனை என்று எதிரிகள் சுட்டிக்காட்டுவார்கள். 1828 கோடையில், தம் நண்பரும் ரேச்சலின் மருமகளை மணந்தவருமான ஜான் காஃபிக்கு ஜாக்ஸன் எழுதிய கடிதத்தில், தேசத்துக்காக எத்தனையோ தியாகங்கள் செய்திருக்கிறேன், ஆனால் மனைவியைத் தூஷிப்பவர்களைத் தண்டிக்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் இந்தத் தியாகம் தாங்கக் கூடியதாயில்லை என்று புலம்புகிறார். அந்தப் புலம்பல் பொய்யன்று. ஆனால் அபேக்ஷகராக நிற்பது என்று தீர்மானித்தவர் அவர்; அந்தத் தீர்மானத்தில் ரேச்சலுக்குப் பங்கு இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை.

எதிரிகள் செய்ததைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நண்பர்கள் செய்ததும் எனக்கு அதற்குச் சமமான துயரத்தை அளிக்கிறது. 1827இல் ஜான் ஓவர்ட்டன் முதலிய பிரமுகர்கள் நாஷ்விலில் கமிட்டி ஒன்று அமைத்து, ரேச்சல் அம்மையாரின் நற்பெயரை நிலைநாட்டும் பொருட்டு, பழைய ஆட்களையெல்லாம் தேடிப் பிடித்து வாக்குமூலம் வாங்கினார்கள். அவர் முதல் கணவனிடம் எப்படி நடந்துகொண்டார், தாய் வீட்டில் யார் யார் தங்கினார்கள், ரோபார்ட்ஸ் எப்போது கோபித்துக்கொண்டு போனார், எந்தத் துணையுடன் ரேச்சல் நாட்செஸுக்குப் படகேறினார் என்ற விவரங்களையெல்லாம், கிழவர்களும் கிழவிகளும் முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்ல, கமிட்டியார் எழுதி வாங்கி அச்சிட்டு, தேசமெங்கும் பத்திரிகைகளில் வெளியிட்டார்கள். ஓவர்ட்டன் உண்மையான நண்பர். ரேச்சலின் தாய் வீட்டிலேயே ஜாக்ஸனுடன் தங்கியிருந்தவர். அவருடைய எண்ணத்தில் களங்கமில்லை. ஆயினும் ஹாமண்டின் பத்திரிகை எட்டாத கிராமங்களுக்கும் கமிட்டியின் மறுப்பு எட்டியது. தூஷணையைக் கேட்டிராதவர்களும் மறுப்பின் மூலம் அதை அறிந்தார்கள். கற்பைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிய நிலைக்கு ஒரு குடும்ப ஸ்திரீயைக் கொண்டுவந்து நிறுத்துவதே போதிய அவமானம். சாட்சியம் அவருக்கு அனுகூலமாக இருந்தது என்பதனால் அந்த அவமானம் குறைந்துவிடாது.

ஜாக்ஸனின் தரப்பாரும் சும்மா இருக்கவில்லை. ஆடம்ஸின் மனைவி லூயிஸா லண்டனில் பிறந்தவர் என்பதைக் கொண்டு அவரை அந்நியர் என்றார்கள். விவாகத்துக்கு முன்பே அவர் கணவருடன் முறை தவறி நடந்ததாகக் கிசுகிசுத்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர் பத்திரிகாசிரியர் ஐசக் ஹில், ஆடம்ஸ் ருஷ்யாவில் தூதராக இருந்தபோது தம் வீட்டுத் தாதியை ஜார் சக்கரவர்த்தியின் இச்சைக்கு உட்படுத்த முயன்றார் என்றே எழுதிவிட்டார். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் ஊருக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் பிரித்துப் படித்த அரண்மனையார், வேடிக்கையாக அவளை ஒருமுறை பார்க்க விரும்பினார்கள், நடந்தது இவ்வளவே. பெண்களோடு யுத்தம் செய்வது தமக்கு வழக்கமில்லை என்று ஜாக்ஸன் தம் கட்சிப் பத்திரிகாசிரியர் டஃப் கிரீனுக்கு எழுதித் தடுத்தது அவருக்குப் பெருமை தருவதே. லூயிஸா படித்தவர், எழுதத் தெரிந்தவர். 1827இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக ஒரு வாரப் பத்திரிகையில் வெளியிட்டுத் தம்மைத் தாமே காத்துக்கொண்டார். ரேச்சலுக்கு அந்தச் சாதனம் இல்லை. அவர் பள்ளிக் கல்வி அதிகம் பெறாதவர். எழுத்துப் பிழைகளோடு எழுதுபவர். சரீரம் பருத்துவிட்ட, சுங்கான் புகைக்கும் நாட்டுப்புறத்து மூதாட்டி. அவற்றையும் எதிரிகள் ஏளனம் செய்தார்கள்.

தேர்தல் வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு சாவும் நேர்ந்தது. 1813இல் ஜாக்ஸனின் படை அழித்த க்ரீக் இந்தியர் கிராமமொன்றில், மாண்டு கிடந்த தாயின் அருகே கண்டெடுக்கப்பட்ட ஆண் குழந்தை லிங்கோயாவை அவர் தம் ஹெர்மிடேஜ் பண்ணைக்கு அனுப்பி வைத்திருந்தார். குழந்தைப் பேறில்லாத ரேச்சல் அவனை வளர்த்தார். சேணம் தைக்கும் தொழிலைப் பயின்றுகொண்டிருந்த அந்தப் பையன், க்ஷய ரோகம் கண்டு வீடு திரும்பி, 1828 ஜூன் 1ந் தேதி இறந்துபோனான். அடுத்த மாதம் ரேச்சல் ஒரு சிநேகிதிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தளபதி ஜாக்ஸனின் எதிரிகள் தங்கள் அம்புகளை எட்டியிலும் பித்தத்திலும் தோய்த்து என் மேல் எய்கிறார்கள், முப்பது வருஷ காலம் யாருக்கும் தீங்கு நினையாமல் வாழ்ந்த எனக்கா இது என்று அதில் கேட்கிறார்.

இந்தக் கடிதத்தை நான் குறிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. தேர்தலுக்குப் பின் உடை வாங்க நாஷ்விலுக்குப் போன இடத்தில், தற்செயலாகத் துண்டுப் பிரசுரமொன்று கையில் கிடைக்க, அதுவரை ஒன்றுமே அறியாதிருந்த அம்மையார் படித்துப் பார்த்து அங்கேயே மூர்ச்சித்தார் என்று பலகாலமாக ஒரு கதை வழங்குகிறது. கதைக்கு அது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் ஜூலைக் கடிதம் அதைப் பொய்யாக்குகிறது. அவர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார். மாதக்கணக்கில் அறிந்துகொண்டே, வருவோரையும் போவோரையும் உபசரித்து, கணவரின் கட்சிப் பிரமுகர்களுக்கு விருந்து படைத்து, 1828 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் வெற்றி விழாவுக்கு அவருடன் நீராவிக் கப்பலில் சென்று, ஜனத்திரளின் நடுவே சிரித்த முகத்தோடு நின்றார்.

டிசம்பர் தொடக்கத்துக்குள் ஜாக்ஸனின் ஜயம் நிச்சயமாகிவிட்டது: அவருக்கு 178 தேர்வாளர் வாக்குகள், ஆடம்ஸுக்கு 83. ஜாக்ஸனின் பொருட்டு மகிழ்கிறேன், எனக்கோ இந்த ஆசை ஒருநாளும் இருந்ததில்லை என்று ரேச்சல் சொன்னாராம். வாஷிங்டனுக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட அவருக்கு விருப்பம். செனட்டர் ஜான் ஈட்டன், அப்படித் தங்கினால் தூஷித்தவர்கள் வென்றதாகிவிடும், நீங்கள் வந்தே தீர வேண்டும் என்று கடிதம் எழுதினார். ஆகவே தங்குவதற்கும் அவருக்குச் சுதந்திரமில்லாமல் போயிற்று.

டிசம்பர் 17ந் தேதி, வீட்டு வேலையில் ஈடுபட்டிருந்தபோது, இடது புறத்தில் வலி கண்டு விழுந்தார். 22ந் தேதி இரவு, மறுநாள் நாஷ்வில் நகரம் நடத்தவிருந்த பெரும் விருந்துக்காகக் கணவரைக் கட்டாயப்படுத்தித் தூங்க அனுப்பினார். அவர் அடுத்த அறையில் படுத்துச் சிறிது நேரமாவதற்குள், கணப்பின் அருகே நாற்காலியில் இருந்த ரேச்சல் அலறி, அடிமைப் பெண் ஹன்னாவின் தோளில் சாய்ந்து உயிர் நீத்தார். ஹன்னா பிற்காலத்தில் அந்த இரவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஜாக்ஸன் நம்ப மறுத்து, கையில் இரத்தம் எடுக்கச் சொன்னார், வரவில்லை, நெற்றிப் பொட்டில் முயலுங்கள் என்றார். உடலைக் கிடத்த மேஜை கொண்டுவந்தபோது, அதன்மேல் நான்கு கம்பளிகளை விரிக்கச் சொன்னாராம். ஒருவேளை உயிர் திரும்பினால் பலகை உறுத்துமே என்பதற்காக. விருந்துக்குத் தயாரான நகரத்தில் மரண மணி ஒலித்தது. 24ந் தேதி, ஆயிரக்கணக்கானோர் சூழ, தம் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பதவியேற்பு விழாவுக்கென வாங்கிய வெள்ளை உடையைத்தான் உடுத்தினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி.

மருத்துவர் சொல்வதானால், இருதயக் கோளாறு அவருக்கு முன்பே இருந்தது. ஜாக்ஸன் அதைக் காரணமாக ஏற்கவேயில்லை. தூஷணைதான் கொன்றது என்று சாகும் வரை சொன்னார். வாஷிங்டன் சேர்ந்ததும் மரியாதைக்குக்கூட ஆடம்ஸைச் சென்று காணவில்லை. ஆடம்ஸும் 1829 மார்ச் 4ந் தேதி நடந்த பதவியேற்புக்கு வரவில்லை. தோற்ற வீட்டிலும் அமைதி இல்லை. ஏப்ரல் 30ந் தேதி, பெற்றோரிடம் வந்துகொண்டிருந்த ஆடம்ஸின் மூத்த மகன் ஜார்ஜ், சித்தம் கலங்கி, நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து மாண்டார். அதைத் தேர்தலின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. அந்த இளைஞருக்கு வேறு துன்பங்கள் நெடுநாளாக இருந்தன. ஆனால் கணவரின் தோல்வி, மகனின் சாவு இரண்டையும் லூயிஸா ஒரு வருஷத்துக்குள் சுமந்தார்.

ஜனாதிபதி மாளிகையின் உபசாரங்களை ஏற்க, ரேச்சலின் அண்ணன் மகள் எமிலி டொனல்ஸன் வந்தார். வயது 21. யுத்த மந்திரியாகிவிட்ட ஈட்டன், அந்த வருஷ ஆரம்பத்தில்தான் மார்கரெட் என்ற விதவையை மணந்திருந்தார். அந்தப் பெண்ணின் பழைய நடத்தையைப் பற்றி வாஷிங்டன் சீமாட்டிகள் பேசத் தொடங்கியதும், தம் மனைவிக்கு நேர்ந்தது மறுபடியும் நேர்கிறது என்றே ஜாக்ஸன் கண்டார். எமிலி தம் அத்தையின் பெயரால் கேட்கப்பட்டும் மார்கரெட்டுடன் பழக இணங்கவில்லை. 1830இல் டென்னஸிக்குப் போனவர் சில காலம் அங்கேயே தங்கிவிட்டார். மறு வருஷம் வசந்த காலத்தில் மந்திரி சபையே ஏறக்குறைய முழுவதும் கலைந்தது. அந்த விவகாரத்தை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.