ஆனைக்கொய்யாவுக்குள் ஆனை வந்த கதை

மெக்சிக்கோவின் நாகுவாத்து மொழியில் இப்பழம் 'அஹுவாகட்ல்'. ஸ்பானியர் வாயில் அது 'அகுவகாத்தே' ஆனது. ஆங்கிலேயருக்கு அதுவும் பிடிபடாமல், முதலையை இழுத்து வந்து 'அலிகேட்டர் பெயார்' என்றார்கள். நம் நாட்டுச் சிங்களத்தில் அது 'அலிகெட்ட பேர', சுருக்கமாக 'அலி பேர'. அலி என்றால் யானை, பேர என்றால் கொய்யா. (பேர என்பதும் பேரிக்காய்க்குப் போர்த்துக்கேயர் சொன்ன சொல்தான்!) அதன் நேர்த்தமிழ்தான் நம் ஆனைக்கொய்யா.

பெயர் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது. பழத்தைத் தெரிந்து வாங்குவதைத்தான் நாம் மறக்கிறோம். இது மரத்தில் கனியாது. முற்றியபின் பறித்து வைத்தால்தான் கனியும். உம்மாமார் குலுக்கிப் பார்ப்பார்கள், கொட்டை ஆடினால் வாங்கி அரிசிக்குள் புதைப்பார்கள். நாமோ சந்தையில் பிஞ்சை வாங்கி, அது சுருங்கிக் கசந்ததும் கண்டி, மாத்தளை மரங்களைக் குறை சொல்கிறோம். உங்கள் வீட்டில் எப்படிப் பார்த்து வாங்குவார்கள்?