உங்கள் சான்றிதழ் உண்மையானதா? சரிபார்க்கும் பிளாக்செயின்

வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். பட்டயச் சான்றிதழையும் இணைக்கிறீர்கள். அது போலி இல்லைன்னு நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்?

முன்பெல்லாம் கல்லூரிக்கு எழுதிக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வேலையைச் சில நொடிகளில் முடிக்க, 2019இல் சிங்கப்பூரில் ஓப்பன்சர்ட்ஸ் அறிமுகமானது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர், கவ்டெக், கல்வி அமைச்சு, நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி ஆகியவை சேர்ந்து உருவாக்கிய சேவை அது. பிட்காயினுக்குப் பின்னால் உள்ள அதே வகைத் தொழில்நுட்பம்தான். ஆனா இங்கே முதலீடு, லாபம் என்ற பேச்சே இல்லை.

அப்போ என் மதிப்பெண்கள் ஊருக்கே தெரிஞ்சிடுமா?

தெரியாது. சான்றிதழ் ஒரு கோப்பாக உங்களிடமே இருக்கும். அதிலுள்ள விவரங்களைக் கொண்டு கணினி 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீட்டைக் கணக்கிடும். அதன் பெயர் 'ஹேஷ்'. கைரேகை மாதிரின்னு வச்சுக்கோங்க. 'பி' என்ற மதிப்பெண்ணை 'ஏ' என்று மாற்றினாலே கைரேகை முற்றிலும் மாறிவிடும். ஒரு தொகுதி மாணவர்களின் கைரேகைகளைச் சேர்த்து ஒரே கைரேகையாகச் சுருக்கலாம். அதை மட்டும் இதீரியம் எனும் பொது பிளாக்செயினில் பதிந்தால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம் உண்டு என்பதால் செலவும் மிச்சம்.

உங்கள் கோப்பை நிறுவனம் ஓப்பன்சர்ட்ஸ் தளத்தில் போட்டதும் மூன்று சோதனைகள் நடக்கும். கோப்பில் ஏதாவது மாற்றப்பட்டதா? சான்றிதழ் வழங்கப்பட்டதா, பிறகு ரத்துச் செய்யப்பட்டதா? வழங்கியது யார்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். இதீரியத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம், இல்லாத பல்கலைக்கழகத்தின் பெயரில்கூட! அதனால், அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களின் பட்டியலை யாராவது பராமரித்தே ஆகணும். பிளாக்செயின் இருந்தால் யாரையும் நம்ப வேண்டியதில்லை என்பார்கள். சான்றிதழ் விஷயத்தில் அது சரிவராது. கல்லூரி தவறான மதிப்பெண்ணைப் பதிந்தால், அந்தத் தவறும் அப்படியே 'சரிபார்க்கப்பட்டது' என்றுதான் வரும். பழையதை ரத்துச் செய்து புதிய சான்றிதழ் கொடுப்பதுதான் வழி.

கோவிட்-19 காலத்தில் பயணிகளின் பரிசோதனை முடிவுகளைச் சரிபார்த்த ஹெல்த்சர்ட்ஸும் இதே கட்டமைப்பில் உருவானதே.

விண்ணப்பிக்கும்போது ஸ்கிரீன்ஷாட்டையோ அச்சிட்ட தாளையோ மட்டும் அனுப்பாதீங்க. அதில் வெறும் படம்தான் இருக்கும், சோதிக்க எதுவும் இருக்காது. கல்லூரி தந்த மூலக் கோப்பையே அனுப்புங்கள். பள்ளி மின்னஞ்சல் கணக்கு மூடப்படுவதற்குள் அதை வேறு இடத்திலும் சேமித்துவிடுங்கள்.