கஞ்சித் தொட்டி முதல் மறுவாழ்வு முகாம் வரை

போருக்கு அஞ்சி, கைக்குழந்தையோடும் மூட்டை முடிச்சோடும் ஊரைவிட்டு ஓடிவருகிறவர்களை "அகதிகள்" என்கிறோம். அவர்கள் யாரோ, எங்கிருந்தோ வந்தவர்கள் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் செங்கல்பட்டுச் சீமையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்கள், இந்தச் சொல் ஒரு காலத்தில் இம்மண்ணின் மக்களுக்கே பொருந்தியதைக் காண்பார்கள். ஜூபிலி என்பது நன்றி கூறும் காலம். அந்நன்றியில் சேர வேண்டிய ஒரு பழங்கடனைப் பங்கு மக்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மண் எரிந்த நாட்கள்

ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1763-இல் ஆங்கிலக் கம்பெனி ஜாகீராகப் பெற்ற பகுதியே நமது செங்கல்பட்டுச் சீமை. 1780 ஜூலையில் மைசூர் மன்னர் ஹைதர் அலி ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட படையோடு செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அடியோடு முறிந்தது. காஞ்சியில் தங்கியிருந்த தளபதி ஹெக்டர் மன்றோ, தம் பெரிய பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்குப் பின்வாங்கினார்.

படைகள் போயின, துன்பம் போகவில்லை. ஆங்கிலேயருக்குத் தானியமும் தீவனமும் கிடைக்கக்கூடாது என்பதற்காகச் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் கொளுத்தப்பட்டன. ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. செங்கல்பட்டுக் கோட்டை ஆங்கிலேயர் வசமே இருந்தது. ஆனால் கோட்டைக்கு வெளியே குடிசையில் வாழ்ந்தவனுக்கு எந்தக் கோட்டை? கடற்கரையிலும் அமைதியில்லை. 1782 பிப்ரவரி 17 அன்று, மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் மோதிக்கொண்டன.

உழவு நின்றது, பஞ்சம் வந்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். நகரத்திலும் சோறு இல்லை. 1782 அக்டோபரில் அடித்த புயலில், கரைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த அரிசிக் கப்பல்களும் மூழ்கின. பட்டினியால் தெருவில் விழுந்தவர்களுள் இப்பகுதி மக்கள் எத்தனை பேரோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

மணியக்காரர் சத்திரம்

அந்த இருண்ட நாட்களில் ஒரு விளக்கும் எரிந்தது. 1782-ஆம் ஆண்டளவில், நகரின் வடபுறத்தில் ஒரு மணியக்காரரின் முயற்சியால் பசித்து வந்தோருக்குக் கஞ்சி வார்க்கும் இடம் ஒன்று ஏற்பட்டது. அதுவே "மணியக்காரர் சத்திரம்" எனப் பெயர் பெற்றது. பின்னர் அதை ஒட்டி 1799-இல் மருத்துவமனையும் தோன்றி, காலப்போக்கில் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. சென்னையின் முதியவர்கள் அதைக் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றே அழைத்தார்கள்.

1784-இல் மங்களூர் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. ஆனால் ஓடிப்போனவர்கள் மறுநாளே திரும்பி வந்து ஏர் பூட்டிவிடவில்லை. வீடில்லை, மாடில்லை, ஏரிகள் உடைந்து கிடந்தன. போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், பல ஊர்களில் எரிந்த சுவர்களையும் எலும்புகளையும் தவிர மனிதர் வாழ்ந்த அடையாளமே எஞ்சவில்லை என்று எழுதிவைத்தார். மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டவர் அவரே. ஏரி காத்த இராமர் கோவில் கதையில் இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. ஏரி நிரம்பினால்தான் வயல் விளையும். வயல் விளைந்தால்தான் குடி திரும்பும். கஞ்சி உயிரைக் காத்தது. ஏரியும் நிலமுமே வாழ்வைத் திருப்பித் தந்தன. அகதிப் பணி முழுவதற்கும் இதுவே பாடம்.

கடல் வழி வந்தவர்கள்

இருநூறு ஆண்டுகள் கழிந்தன. இம்முறை நாம் கஞ்சி வார்க்கும் இடத்தில் நின்றோம். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கெதிராக மூண்ட கலவரமும், அதைத் தொடர்ந்த போரும் மக்களைப் படகேற்றின. 1987 ஜூலை வரை மட்டுமே 1,34,000 பேர் வந்தனர். 1990-இல் மீண்டும் போர் மூண்டபோது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 1995-க்குப் பின்னும், 2006 முதலும் இன்னும் இரு அலைகள். ஆகமொத்தம் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களுள் பெரும்பாலோர் இறங்கியது இராமேசுவரம் கரையில். மண்டபம் முகாமிலிருந்து பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 1997-இல் பிரிக்கப்படும்வரை நமது மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் பெரிய முகாம்கள் எழுந்தன.

திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் புதல்வர் திரு. சந்திரகாசன் தலைமையில், 1984-இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தோன்றியது. அகதிகளே அகதிகளுக்குத் தொண்டு செய்த அமைப்பு இது. பிள்ளைகளின் கல்வியை அது தன் முதற் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. வியட்நாமிலிருந்து படகுகளில் தப்பி வந்தவர்களின் நிலை கண்டு வருந்திய பெத்ரோ அருப்பே அடிகளார், 1980 நவம்பர் 14-இல் இயேசு சபை அகதிகள் பணியைத் தொடங்கினார். அப்பணியும் 1990 முதல் தமிழக முகாம்களில் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்புகள் நடத்தியது. ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை வணங்கும் திருச்சபைக்கு இது புதிய பணியன்று.

கசந்த ஆண்டுகள்

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. 1991 மே 21 அன்று, அப்போது நமது மாவட்டத்திலிருந்த ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் திரு. ராஜீவ் காந்தி கொலையுண்டார். நாடே அழுதது. சிலரது குற்றத்தின் சுமை முகாமில் இருந்த ஒவ்வொரு தாயின் தலையிலும் விழுந்தது. உயர்கல்வியில் அகதி மாணவருக்கிருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் நுழையவும் தடை வந்தது. பல்லாயிரம் பேர் 1992 முதல் திருப்பி அனுப்பப்பட்டனர். வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் அடைத்து வைக்கும் "சிறப்பு முகாம்" ஒன்று செங்கல்பட்டுக் கிளைச் சிறையிலேயே நெடுங்காலம் இயங்கியது. கல்வி இடங்கள் பின்னர் 1996-இல் திரும்பக் கிடைத்தன. ஆனால் அதற்குள் படிப்பை விட்டவர்களுக்கு அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

அவர்களோ நம்மை மறக்கவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை மாமல்லபுரம் கரை உள்படத் தமிழகக் கடலோரக் குப்பங்களைச் சூறையாடியது. அப்போது முகாம்களிலிருந்து அகதி இளைஞர்கள் தொண்டர்களாகப் புறப்பட்டுச் சென்று நிவாரணப் பணியில் ஈடுபட்டார்கள். வீடிழந்தவரின் துயரம் வீடிழந்தவருக்கே முதலில் புரிகிறது.

இன்னும் உடைந்து கிடக்கும் ஏரி

2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் தந்த கணக்கின்படி, 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். வெளியே 34,087 பேர். பத்தடிக்குப் பத்தடி அறைகளில் மூன்றாம் தலைமுறை வளர்ந்துவந்த நிலையில், 7,469 புதிய வீடுகள் கட்டித்தர அரசு அறிவித்தது. "அகதிகள் முகாம்" என்ற பெயரும் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என மாறியது. இவை வரவேற்கத்தக்கவை.

எனினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. 1784-க்குப் பின் நம் முன்னோர் திரும்பிச் செல்லத் தமக்கென ஓர் ஊர் இருந்தது. முகாமிலேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்து, பட்டமும் பெற்ற ஓர் இளைஞனுக்கு ஊர் எது? 1987 ஜூலை 1-க்குப் பின் இங்குப் பிறந்தவர்களுக்கு, பிறப்பு மட்டுமே குடியுரிமை தருவதில்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. ஆகவே பட்டம் பெற்றும் அரசுப் பணிக்குப் போக இயலாமல் சுவருக்கு வர்ணம் பூசப் போகிறவர்கள் உண்டு. கஞ்சி கிடைத்துவிட்டது, அவர்களுடைய ஏரி இன்னும் உடைந்தே கிடக்கிறது.

சட்டம் இயற்றுவது பங்கின் கையில் இல்லை. ஆனால் முகாம் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதும், அவனுக்கு வேலை தேடித் தருவதும், "அகதி" என்று அழைக்காமல் பெயர் சொல்லி அழைப்பதும் நம் கையில் இருக்கின்றன. ஜூபிலி ஆண்டில் கடன் தீர்ப்பதும், இழந்தவர் தம் நிலத்துக்குத் திரும்புவதும் பழைய ஏற்பாட்டுக் காலம் முதல் வந்த மரபு. பெயர் தெரியாத ஒரு மணியக்காரர் அன்று நம்மவர்க்கு வார்த்த கஞ்சிக்கு, இன்று நாம் செலுத்தக்கூடிய வட்டி அதுவே.