யசஸ்கரன் அரண்மனைச் சிட்டுக்குருவி: வாசிட்டம் பிறந்த ஊரைத் தேடி

யோகவாசிட்டத்தில் தாமன், வியாளன், கடன் என்று மூன்று அசுரர்களின் கதை வருகிறது. சம்பராசுரன் தன் மாயையால் படைத்த இந்த மூவருக்கும் ‘நான்’ என்ற எண்ணமே கிடையாது. அதனால் அவர்கள் சாவுக்கு அஞ்சவில்லை. அஞ்சாதவர்களைத் தேவர்களால் வெல்லவும் முடியவில்லை. பிரமன் அவர்களுக்கு ஓர் உபாயம் சொன்னான். போரிடுங்கள், பின்வாங்குங்கள், மறுபடியும் வந்து போரிடுங்கள். பழகப் பழக அந்த அசுரர்களுக்குள் ‘நான்’ முளைத்துவிடும் என்றான். அப்படியே நடந்தது. ‘என் உடல், என் உயிர்’ என்ற நினைப்பு வந்ததும் அச்சம் வந்தது; அச்சத்தோடு தோல்வியும் வந்தது.

அத்வைதம் பேசும் நூல்களில் அகங்காரத்தின் பிறப்பை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கதைகள் குறைவு. ஆனால் என்னைப் பல காலம் பிடித்து வைத்திருந்தது இந்தக் கதையின் கடைசிப் பகுதிதான்.

தோற்ற அசுரர்கள் எத்தனையோ பிறவி எடுத்து உழல்கிறார்கள். அவர்களுக்கு எப்போது விடிவு என்று இராமன் கேட்க, வசிட்டர் எதிர்காலத்தைச் சொல்கிறார். காஷ்மீரத்தில் ஒரு நகரம். நகரின் நடுவே பிரத்யும்ன சிகரம் என்ற குன்று. அங்கே யசஸ்கரன் என்ற மன்னனின் அரண்மனை. ஒருவன் அந்த அரண்மனைச் சுவர்ப்பொந்தில் சிட்டுக்குருவியாக இருப்பான். இன்னொருவன் தூணின் இடுக்கில் கொசுவாக இருப்பான். மூன்றாமவன் அதே நகரத்து விகாரை ஒன்றில் பறவையாக இருப்பான். நரசிம்மன் என்ற அமைச்சன் ஒருநாள் இதே கதையைச் சொல்லக் கேட்டு, ‘இது என் கதை’ என்று உணர்ந்து குருவி விடுதலை பெறும்.

உலகமே சங்கற்பம் என்று அடித்துச் சொல்லும் நூல் இது. இதற்குள் ஊரும் பேரும் குன்றும் குறித்த ஒரு முகவரி எதற்கு?

அரசன் யார்?

யசஸ்கரனைத் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்ஹணர் எழுதிய ராஜதரங்கிணியின் ஆறாம் தரங்கம் அவனுடைய ஆட்சியோடுதான் தொடங்குகிறது. கி.பி. 939இல் அந்தணர் சபை அவனை அரசனாகத் தேர்ந்தெடுத்தது. 948இல் அவன் இறந்தான். பிரத்யும்ன சிகரம் என்பது இன்றைய ஸ்ரீநகரில் ஹரி பர்வதம் என்று வழங்கும் குன்று.

அவனுடைய நீதிக்குச் சான்றாகக் கல்ஹணர் ஒரு வழக்கைச் சொல்கிறார். ஒருவன் தன் வீட்டை ஒரு வணிகனுக்கு விற்றான். படிக்கிணற்றை மட்டும் தனக்கு நிறுத்திக்கொண்டான். வெளிநாடு போய்ப் பல்லாண்டு கழித்துத் திரும்பியபோது, கிணறும் விலைக்குள் சேர்த்திதான் என்று வணிகன் பத்திரத்தைக் காட்டினான். நீதிமன்றங்கள் எல்லாம் பத்திரத்தையே நம்பின. அரசனோ வணிகனின் கணக்கேட்டை வரவழைத்துப் பார்த்தான். பத்திரம் எழுதியவருக்கு ஆயிரம் தீனாரம் கொடுத்ததாக எழுதியிருந்தது. ஒரு பத்திரம் எழுத இவ்வளவு கூலியா என்று அங்கே பிடித்தான். ‘கிணறு நீங்கலாக’ என்று பொருள்படும் ‘ரஹித’ என்ற சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி, ‘கிணறு உட்பட’ என்று பொருள்படும் ‘ஸஹித’ என்று ஆக்கியிருந்தார்கள். ஏட்டில் நடந்த திருத்தத்தை ஏட்டைக் கொண்டே கண்டுபிடித்த மன்னன் இவன். இவன் பெயர் பொறித்த நூலுக்கும் ஏட்டில் ஒரு திருத்தம் நேர்ந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஆயிரம் ஆண்டு ஆயிற்று.

அறிஞர்களின் வழக்கு

மரபுப்படி இந்நூல் வால்மீகி செய்தது. 32,000 சுலோகம் கொண்டது. பம்பாய் நிர்ணயசாகர் அச்சகம் ஆனந்தபோதேந்திரரின் உரையோடு வெளியிட்ட பதிப்பில் ஏறத்தாழ 28,000 சுலோகங்கள் உள்ளன. வைராக்கியம், முமுட்சு வியவகாரம், உற்பத்தி, ஸ்திதி, உபசமம், நிர்வாணம் என்று ஆறு பிரகரணங்கள். இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சி பெரும்பாலும் இந்தப் பதிப்பை வைத்துத்தான் நடந்தது.

முடிவுகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. காசியில் இந்நூலுக்காகவே உழைத்த பி. எல். ஆத்ரேயர் சங்கரருக்கு முந்தியது என்றார். அவருடைய பெரிய ஆராய்ச்சி நூல் 1936இல் சென்னை அடையாற்றிலிருந்து வெளிவந்தது. தாஸ்குப்தா ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டு என்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வே. ராகவன் 11க்கும் 13க்கும் இடைப்பட்ட காலம் என்று வாதிட்டார். காஷ்மீரத்தையும் பத்தாம் நூற்றாண்டையும் சுட்டியவர் பி. சி. திவாஞ்ஜி.

இத்தனை பெரியவர்களும் மாறுபட்டதற்குக் காரணம் அவர்களுடைய புலமைக் குறைவு அன்று. அவர்கள் கையில் இருந்த அச்சு நூலிலேயே பல காலத்துக் கைகள் கலந்திருந்தன. ஒரு பகுதியைப் பார்த்தால் பழமை தெரியும். இன்னொரு பகுதியைப் பார்த்தால் புதுமை தெரியும். யசஸ்கரன் கதையைக்கூட இடைச்செருகல் என்று ஒதுக்கிவிட இடமிருந்தது.

சாரதைச் சுவடிகள்

முடிச்சை அவிழ்த்தவர் வால்டர் ஸ்லாயே. அவர் அச்சுப் பிரதியை ஒதுக்கிவிட்டு, சாரதை எழுத்தில் இருந்த காஷ்மீரத்துச் சுவடிகளையும், அவற்றுக்கு உரை எழுதிய பாஸ்கரகண்டரையும் எடுத்துக்கொண்டார். 1994இல் தம் முடிவை நூலாக வெளியிட்டார்.

காஷ்மீரச் சுவடிகளில் நூலின் பெயர் ‘மோட்சோபாயம்’. நிர்ணயசாகர் பதிப்பின் முகப்பில் வரும் சுதீட்சணர், அகத்தியர், அரிட்டநேமி முதலியோரின் கதை அடுக்கு அங்கே இல்லை. பல இடங்களில் பாடமும் வேறு. அச்சு நூலில் வேதாந்த மரபுக்கும் வைதிக நெறிக்கும் இசைவாகத் திருத்தப்பட்ட சொற்கள், மோட்சோபாயத்தில் மூல வடிவில் நிற்கின்றன. அபிநந்தர் சுருக்கிய ‘லகு யோகவாசிட்ட’த்தின் பகுதிகளும் பெருநூலுக்குள் பின்னர் கலந்திருக்கின்றன. யசஸ்கரன் அரண்மனையும் குருவியும் மோட்சோபாயத்திலும் அப்படியே உள்ளன. பின்னால் வந்தவர்கள் செருகியதாக அதை இனித் தள்ள முடியாது.

ஸ்லாயே வந்தடைந்த முடிவு இது: கி.பி. 950ஐ ஒட்டி, ஸ்ரீநகரில், ஒரு தனி ஆசிரியர் இதை இயற்றினார். அவர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. யசஸ்கரன் அவருடைய காலத்து மன்னன். குருவி இருந்த அரண்மனையை அவையோர் தினமும் பார்த்திருப்பார்கள். அவர்கள் அறிந்த சுவரையே கதைக்குள் கொண்டுவந்து, இந்தச் சுவரும் சங்கற்பமே என்று உணர்த்தினார் ஆசிரியர். முகவரி அதற்காகத்தான்.

ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகமும் மைன்ஸ் நகர அறிவியல் கழகமும் மோட்சோபாயத்தின் செம்பதிப்பை 2011 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டன.

திருத்தம் எதை மறைத்தது?

காலம் தெரிந்ததோடு தேடல் முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. இந்த நூலுக்கு முனிவர் பெயர் ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி மிச்சமிருந்தது.

விடை இரண்டாம் பிரகரணத்தில் இருக்கிறது. யுக்தியோடு பொருந்திய சாத்திரம் மனிதன் செய்ததானாலும் ஏற்கத் தக்கது. பொருந்தாதது முனிவர் செய்ததானாலும் தள்ளத் தக்கது என்கிறது நூல். குழந்தையின் சொல்லானாலும் நியாயமிருந்தால் கொள்ள வேண்டும், பிரமனே சொன்னாலும் நியாயமில்லாவிட்டால் துரும்பாகத் தள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அதே பிரகரணம் விதி என்ற பேச்சைக் கடுமையாக மறுத்து, மனித முயற்சி ஒன்றையே நிலைநாட்டுகிறது.

சங்கரரின் அத்வைதம் சுருதியை முதற் பிரமாணமாகக் கொண்டது. துறவுக்கு அங்கே தனி இடம் உண்டு. மோட்சோபாயமும் அறிவு ஒன்றே மெய், காண்பதெல்லாம் அந்த அறிவில் எழும் தோற்றம் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதற்கு ஆதாரமாகக் கேட்பவரின் விசாரணையையும் சொந்த அனுபவத்தையும் முன்வைக்கிறது. லவண மன்னன் அவையில் உட்கார்ந்தபடியே சில கணங்களுக்குள் புலையர் சேரியில் ஒரு வாழ்நாள் முழுவதும் வாழ்ந்து மீள்கிறான். அரசி சூடாலை அரண்மனையில் இருந்தபடியே ஞானம் அடைகிறாள்; நாட்டைத் துறந்து காட்டுக்குப் போய்த் தவமிருந்த கணவன் சிகித்துவசனுக்கு அவளே குருவாகிறாள். ஞானம் பெற்ற பிறகு அவன் திரும்பி வந்து அரசாள்கிறான். விடுதலைக்குக் காவி தேவையில்லை, பெண்ணுக்குத் தடையில்லை, ஆளும் பொறுப்பு இடையூறில்லை என்பதை ஆசிரியர் கதையாகவே நடத்திக் காட்டுகிறார்.

இப்படிப் பேசிய மனிதரின் நூலைப் பிற்காலம் ஒரு முனிவரின் பெயரில் பாதுகாத்தது. பாதுகாத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் போற்றியதால்தான் நூல் பிழைத்தது. ஆனால் எந்த அதிகாரத்தை நூல் தள்ளச் சொன்னதோ, அதே அதிகாரத்தால் நூல் மதிக்கப்பட்டது என்பது உண்மை.

தமிழுக்கு வந்த வழி

காஷ்மீரத்தை விட்டு வெளியே பரவியது பெரும்பாலும் அபிநந்தரின் சுருக்கம்தான். 14ஆம் நூற்றாண்டில் வித்யாரண்யர் சீவன்முக்தி விவேகத்தில் எடுத்தாண்டது அதிலிருந்து. 1597இல் இளவரசர் சலீமுக்காக நிஜாம் பானிப்பதி பாரசீகத்தில் பெயர்த்ததும் அதையே. வீரை ஆளவந்தார் தமிழில் பாடிய ஞானவாசிட்டமும் அந்தச் சுருக்கத்தின் வழியில் வந்தது. கோவிலூர் மடத்து வேதாந்தப் பாடத்தில் அது இடம்பெற்றது. ரமணர் ‘உள்ளது நாற்பது அனுபந்த’த்தில் வாசிட்டச் சுலோகங்களைத் தமிழ் வெண்பாவாக்கிச் சேர்த்தார்; உள்ளே பற்றற்று வெளியே செயலாற்று என்ற கருத்து அவற்றில் ஒன்று. பெயர் தெரியாத அந்த ஸ்ரீநகர்க்காரரின் குரல் அருணாசலம்வரை மங்காமல் வந்திருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது தமிழர்களின் வேலை. ஆளவந்தாரின் பாடல்களை அபிநந்தரின் சுருக்கத்தோடும் மோட்சோபாயச் செம்பதிப்போடும் வரிக்கு வரி ஒப்பிட்டு ஒரு பதிப்பு வர வேண்டும். எந்த இடத்தில் மூலம் பேசுகிறது, எந்த இடத்தில் திருத்தம் பேசுகிறது, எந்த இடத்தில் தமிழ்ப் புலவர் தாமாகப் பேசுகிறார் என்று அப்போதுதான் தெளியும். ஞானவாசிட்டத்தின் பழைய ஏடோ கையெழுத்துப் பிரதியோ உங்கள் வீட்டில் இருந்தால், கரையானுக்கு விட்டுவிடாமல் அருகிலுள்ள சுவடி நூலகத்தில் காட்டுங்கள். சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள் என்று சொன்ன நூலுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அதையே சோதித்துப் பார்ப்பதுதான்.