கூதிர்க்காலமும் குதிரையுணவும்

தமிழ்நாட்டிற் குதிரை பற்றி ஆராய்ந்தோர் அதன் வரவையும் விலையையும் விரித்துரைத்தனர். அது தின்ற புல்லைப் பற்றி உரைத்தோர் மிகச் சிலரே. இலக்கியமும் இவ்வகையில் நமக்கு எளிதில் உதவுவதன்று. முல்லைப்பாட்டிற் பாசறை யானைக்கு இட்ட உணவு இன்னதென்று தெளிவாகக் கூறப்படுகிறது. கரும்பும் நெற்கதிரும் தழையும் கட்டி இடப்படுகின்றன. யானை அவற்றை உண்ண மறுக்கப் பாகர் வடமொழி கூறி ஊட்டுகின்றனர். அதே பாசறையில் துயிலாதிருக்கும் அரசன் அம்பு தைத்துச் செவி சாய்த்து உண்ணாது வருந்தும் குதிரைகளையும் நினைக்கிறான். ஆனால் அக்குதிரைகள் உண்ணாது விட்ட உணவு யாது என்பதைப் பாட்டுக் கூறவில்லை.

இக்குறையை அயல்நாட்டார் குறிப்புகளால் நிரப்புவது வழக்கமாயிற்று. கி.பி. 1292-93 அளவிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பல்லாயிரம் குதிரைகள் இங்கு வந்து இறங்கியும் ஆண்டு முடிவில் அவற்றுட் பெரும்பாலன இறந்துபடுகின்றன என்றும், வேகவைத்த இறைச்சியும் சோறும் இங்கே குதிரைக்கு இடப்படுகின்றன என்றும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கின்றனர் என வியந்தார். நாற்பது நாள் கயிறும் முளையுங் கொண்டு கொட்டிலிற் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்வதாகவும் குறித்தார். இவ்விரு குறிப்பையும் கொண்டு, தமிழர் குதிரை வளர்க்க அறியாதவர் என்று முடிவு கட்டியோர் பலர். அம்முடிவு மீண்டும் ஆராயத்தக்கது. குதிரை வந்து இறங்கிய பருவத்தையும், அது நின்ற நிலத்தையும் அவர்கள் கருதவில்லை.

நிலத்தை முதலில் நோக்குவோம். திருமுதுகுன்றம் எனத் தேவாரம் பாடும் விருத்தாசலத்தைச் சூழ்ந்த பகுதி இதற்கு நல்ல சான்றாகும். மணிமுத்தாறு பாயும் இவ்வட்டாரத்தில் கரிசல் மண் மிகுதி. கோடையிற் பாளம் பாளமாக வெடிக்கும் இம்மண், ஐப்பசி மழை விழுந்தவுடன் குளம்பை விடாது பற்றும் சேறாகிறது. (ஊர்ப்புறத்து ஐயனார் கோயில்களில் நிற்கும் சுடுமண் குதிரைகட்கே இம்மழை பொருட்டன்று.) அப்பருவத்தில் எங்கும் பசுமை உண்டு, மேய்ச்சல் இல்லை. வயலிற் பயிர் நிற்கும். எஞ்சியவை வரப்பும் ஏரிக்கரையுமே. தைமாதத்து அறுத்த சம்பா வைக்கோற்போர் ஐப்பசிக்குள் கரைந்துவிடும். குறுவை அறுவடை மழையோடு வருதலின் அவ்வைக்கோல் காய்வதில்லை. நனைந்து புளித்த வைக்கோலும், ஓரிரு நாள் வெயிலில் திடீரெனத் தழைத்த இளம்புல்லும் மாட்டிற்கு ஒருவாறு ஒத்துக்கொள்ளும். குதிரைக்கோ ஒற்றை இரைப்பை. வாந்தியெடுக்கும் ஆற்றலும் அதற்கில்லை. ஆதலின் உணவின் சிறு மாறுதலும் கொடிய வயிற்றுநோயாய் முடியும். பசுமை நிறைந்த காலமே குதிரைக்குப் பஞ்சகாலம் என்பது இந்நிலத்தின் இயல்பு.

இதனைப் பழம்புலவர் கண்டிருந்தனர். நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்ப்பருவத்தைத் தொடங்குவதே மேய்ச்சற் சிக்கலைக் கொண்டுதான். புதுவெள்ளத்திற்கு அஞ்சிய கோவலர் தம் நிரையை வேறு நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய இடம் பிரிந்து வருந்துகின்றனர். குளிரால் விலங்குகள் மேய்தலையே மறக்கின்றன. இதனை வெறும் பருவ வருணனை என்று கொள்வது பொருந்தாது. அதே பாட்டின் இறுதியில் அரசன் நள்ளிரவிற் பாசறையைச் சுற்றி வரும்போது, சேணம் களையாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று மேல் விழும் துளிகளை உதறுகின்றன. ஆநிரைக்கு வேறு நிலம் உண்டு. போர்க்குதிரைக்கு அது இல்லை. அது நின்ற இடத்திலேயே உண்ண வேண்டும்.

உண்டது யாது? புறநானூற்று 299ஆம் பாட்டே இதற்கு நேரான விடை தருகிறது. பொன்முடியார் பாடிய அப்பாட்டில் இருவகைக் குதிரைகள் உள்ளன. சீறூர் மன்னனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்நடை கொண்டது. மருதநிலத்துப் பெருவேந்தரின் குதிரையோ ‘நெய்ம்மிதி’ உண்டு கொழுத்தது. போரில் முன்னது படையைப் பிளந்து சென்றது. பின்னது அஞ்சி ஒதுங்கி நின்றது. நெய்ம்மிதி என்பது நெய் பெய்து மிதித்த கவளம். வஸ்ஸாப் வியந்து நோக்கிய நெய்யூட்டு, ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இங்கு வழங்கியதென்பது இதனாற் போதரும். அது அறியாமையால் அன்று நேர்ந்த பிழையன்று. உலர்ந்த புல் கிட்டாத நாட்டில் வலிமைக்குக் கண்ட ஈடு. ஆயினும் அந்த ஈடு முழுமையானதன்று. நாரற்ற கொழுத்த உணவை உண்டு, நடையின்றிக் கட்டுத்தறியில் நிற்கும் குதிரைக்கு வயிற்றுவலியும் குளம்பழற்சியும் வரும் என்பது இன்றைய கால்நடை மருத்துவம். சக்கை தின்ற குதிரைக்கு நார் கிடைத்தது. பொன்முடியார் கூற வந்தது சிற்றூர் மன்னனின் மறமே. எனினும் அவர் தேர்ந்த உவமைப்பொருள் குதிரைக் கொட்டிலை நேரிற் கண்டவரின் தேர்வாகத் தோன்றுகிறது.

இனிப் பருவம். கடல் வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலை கூறும். அரபிக்கடலில் ஆனி ஆடிக் கொந்தளிப்பு அடங்கியபின், தென்மேற்குக் காற்றின் கடைப்பகுதியிற் புறப்பட்ட கலங்கள் ஆவணி புரட்டாசியில் நம் துறைகளை அணுகின. மதுரையில் நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் ஆவணி மூலத்தையொட்டி நடைபெறுவதும் நோக்கற்பாலது. புராணம் வரலாறு ஆகாதெனினும், குதிரை வரும் மாதம் ஆவணி என்னும் நினைவு அதில் தங்கியிருக்கலாம். அவ்வாறாயின், வஸ்ஸாப் கூறும் நாற்பது நாள் கட்டு முடியும்போது வாடை வீசத் தொடங்கியிருக்கும். வறண்ட நாட்டிற் பிறந்த விலங்கு, கடற்பயணத்தால் மெலிந்து, பழகாத உணவோடு அடைமழையை எதிர்கொண்டது. போலோ நூலின் ஒரு பாடம் இந்நாட்டுத் தட்பவெப்பம் குதிரையினத்திற்கு ஏலாது என்கிறது. அவர் சொன்னவற்றுள் அதுவே உண்மைக்கு அணித்தானது.

பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் இச்சிக்கல் மீண்டும் தலைதூக்கிற்று. 1751இல் ஆங்கிலப்படை சந்தா சாகிபின் காவலரிடமிருந்து விருத்தாசலம் கோயிலைக் கைப்பற்றியது. 1781இல் பரங்கிப்பேட்டை, பொள்ளிலூர், சோளிங்கர்ப் போர்கள் சூலை முதல் செப்டம்பருக்குள் முடிந்தன. மழை வந்ததும் ஐர்கூட்டின் படை சென்னைப் பக்கம் ஒதுங்கியது. அக்காலத்தும் பின்னரும் ஒவ்வொரு குதிரைக்கும் குதிரைக்காரன் ஒருவனோடு புல் சேர்ப்பவர் ஒருவரும் இருந்தனர். வடநாட்டில் அவ்வேலையை ஆண்கள் செய்தனர். தென்னாட்டில் குதிரைக்காரனின் மனைவியே செய்தாள். அவள் வரப்பிலும் கரையிலும் அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக அலசி, உதறி உலர்த்திச் சுமந்து வந்தாள். அறுகின் வேரும் தண்டும் மழையிலும் இளந்தழைபோல் நீர்த்துப்போவதில்லை. கொள்ளோடு சேர்ந்து குதிரைக்கு வேண்டிய நாரை அவையே தந்தன. மேய்ச்சல் நிலமில்லாத நாட்டிற் குதிரைப்படை கூதிரைக் கடந்தது இப்பெண்களின் கையால். படைவரலாறுகள் குதிரைகளை எண்ணுகின்றன, இவர்களை எண்ணவில்லை.

ஆங்கிலேயர் இறுதியிற் கண்ட வழியும் கோவலர் கண்ட வழியே. ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் படைக்குதிரைப் பண்ணை தொடங்கினர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், நீர் தேங்காத செம்மண் மேட்டில், ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் அது அமைந்தது. பின்னர் அது அரசின் கால்நடைப் பண்ணையாயிற்று.