நடனப் பயிற்சிக்கு இடம் தேடுகிறீர்களா? கிள்ளான் பள்ளத்தாக்கில் கூடங்களும் வாடகைக் கணக்கும்

கோலாலம்பூர்: பிள்ளையை நடன வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் மாதக் கட்டணம், சேலை, சலங்கை எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கிறார்கள். வகுப்புக்கு வெளியே ஆடிப் பழக ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் அந்தக் கணக்கில் விடுபட்டுப் போகிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் கற்கும் அடவு காலில் படிய வேண்டுமானால், மற்ற நாள்களிலும் தட்டி ஆட வேண்டும். அதற்கு இடமில்லாத பிள்ளை வகுப்பில் பின்தங்குகிறது. பின்தங்கிய பிள்ளை நாளடைவில் வகுப்பையே விட்டுவிடுகிறது. சாலாக் செலாத்தான் முதல் கிள்ளான் வரை அடுக்குமாடியில் வாழும் பல குடும்பங்களுக்கு இது தெரிந்த கதை. எங்கே இடம் கிடைக்கும், எதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், செலவை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

தோட்டத்தில் திடல், நகரில் வரவேற்பறை

தோட்டத்து லயன் வீடும் சிறியதுதான். ஆனால், வீட்டுக்கு வெளியே இடம் இருந்தது. கோயில் முன்றிலிலும் தோட்ட மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளித் திடலிலும் கும்மி, கோலாட்டம், திருவிழா நாடகம் எல்லாம் ஒத்திகை பார்க்கப்பட்டன. மணிக்கணக்கில் வாடகை என்ற பேச்சே எழவில்லை.

தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது அந்தப் பொது இடமும் சேர்ந்து மறைந்தது. இன்றைய பிபிஆர் வீடு ஏறத்தாழ 700 சதுர அடி, மூன்று படுக்கையறை. நாற்காலிகளை ஒதுக்கினால் ஒருவர் அரைமண்டியில் நிற்கலாம். வேகமாகத் தட்டினால் கீழ்வீட்டில் இடிக்கும். அண்டை வீட்டாருக்கு இடையூறான ஓசையை அடுக்குமாடி நிர்வாக விதிகளும் தடை செய்கின்றன.

எங்கெல்லாம் கேட்கலாம்?

முதலில், பொது மண்டபங்கள். பிபிஆர் குடியிருப்புகளில் பெரும்பாலும் ஒரு பல்நோக்கு மண்டபம் இருக்கும். கோலாலம்பூரில் மாநகர் மன்றமும், கிள்ளானில் 2024-ஆம் ஆண்டு அரச மாநகர் தகுதி பெற்ற கிள்ளான் அரச மாநகர் மன்றமும் மண்டபங்களை வாடகைக்கு விடுகின்றன. இடம் விசாலம், வாடகையும் பொதுவாகக் குறைவு. ஆனால் கண்ணாடி இருக்காது. திருமணமோ கூட்டமோ வந்தால் பயிற்சிக்கு இடம் கிடைக்காது.

அடுத்து, கோயில், சங்க, பள்ளி மண்டபங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை இவை நிறைந்திருக்கும். திங்கள் முதல் வியாழன் வரையிலான மாலைகளில் பல மண்டபங்கள் பூட்டியே கிடக்கின்றன. அந்த நாள்களைக் கேட்டால் நிர்வாகமும் இணங்க வாய்ப்பு அதிகம். தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குத் தலைமையாசிரியரின் ஒப்புதல் தேவை.

மூன்றாவது, கலை மையங்களும் தனியார் ஸ்டூடியோக்களும். செந்தூலில் பழைய ரயில்வே பட்டறைக் கட்டடத்தைப் புதுப்பித்து 2005-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் நிகழ்கலை மையம் (கேஎல்பேக்) தன் பயிற்சிக்கூடங்களை வெளியாருக்கு வாடகைக்கு விடுகிறது. தமிழ் ரயில்வே தொழிலாளர்கள் வியர்வை சிந்திய வட்டாரம் அது. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் 1981-இல் தொடங்கப்பட்ட டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸும், தித்திவங்சாவில் ரம்லி இப்ராஹிம் 1983-இல் நிறுவிய சூத்ராவும் முதன்மையாகத் தங்கள் மாணவர்களுக்கும் கலைஞர்களுக்கும் உரியவை. அங்கே பயில்வோர் வகுப்பு இல்லாத நேரத்தில் கூடத்தைப் பயன்படுத்த முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பயணச் செலவும் வாடகையின் ஒரு பகுதியே. சாலாக் செலாத்தான்வாசிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கொமுட்டரில் ஏறினால் சிபூத்தே, மிட்வேலி தாண்டி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடக்கும் தூரம். ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி தடம் தித்திவங்சா வழியே செந்தூலுக்குச் செல்கிறது. கிள்ளானில் இருப்பவர்கள் போர்ட் கிள்ளான் கொமுட்டர் தடத்தில் கேஎல் சென்ட்ரல் வரலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன்

முதலில் தரையைப் பாருங்கள். பரதத்தில் வெறுங்காலால் ஓங்கித் தட்டுகிறோம். சிமெண்டின் மேல் நேரடியாக ஓடு பதித்த தரை அந்த அதிர்ச்சியை வாங்காது. அது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் முன்கால் எலும்புக்கும் திரும்பி வரும். அடியில் சட்டம் அடித்து, இடைவெளி விட்டுப் பலகை பரப்பிய தரையே நல்லது. சிமெண்டின் மேல் விரித்த மெல்லிய ரப்பர் விரிப்பு பலகைத் தரைக்கு ஈடாகாது. கடினத் தரைதான் கிடைக்கிறது என்றால், முழு வேகத்தில் தட்டும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பிறகு இவற்றைக் கேளுங்கள்: சலங்கைக்கு அனுமதி உண்டா? பலகை கீறும் என்று சில ஸ்டூடியோக்கள் மறுப்பதுண்டு. குளிர்சாதனமும் ஒலிபெருக்கியும் வாடகையில் அடங்குமா? வைப்புத் தொகை எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும்? ரத்து செய்தால் என்ன பிடித்தம்? கதவு திறப்பதும் பொருள்களை அடுக்குவதும் பதிவு செய்த நேரத்துக்குள் வருமா? மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும்போது 15 நிமிடத் தாமதமும் காசுதான். பதில்களை எழுத்தில் பெற்றுக்கொள்வது பின்னர் வரும் பிணக்கைத் தவிர்க்கும்.

ஒருவருக்கு 800, எட்டுப் பேருக்கு 100

வாடகை இடத்துக்கு இடம் மாறும். எடுத்துக்காட்டாக, மணிக்கு 50 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயிற்சிக்கு 2 மணி நேரம் என்றால் 100 ரிங்கிட். மாதம் 8 பயிற்சிகளுக்கு 800 ரிங்கிட். ஒருவரே அதைச் சுமந்தால், 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு 100 ரிங்கிட்.

குழுவாகச் சேரும்போது பணம் மாதத் தொடக்கத்திலேயே வசூலாக வேண்டும். வந்த நாளுக்கு மட்டும் பணம் என்றால், ஒருவர் வராத நாளின் பங்கு மற்றவர்கள் தலையில் விழும். கணக்கை ஒருவர் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

வாடகை மணியில் எதைச் செய்வது என்பதையும் முன்கூட்டியே பிரித்துக்கொள்ளலாம். முத்திரை, முகபாவம், தாளம் போட்டுச் சொற்கட்டு சொல்வது, பாடலின் பொருளை மனத்தில் இருத்துவது ஆகியவற்றுக்குக் கூடம் தேவையில்லை. வீட்டில் ஒரு பாய் அளவு இடம் போதும். வரிசை மாறுவது, மேடையின் குறுக்கே நகர்வது, முழு வேக ஜதி, அனைவரும் ஒன்றாக ஆடிப் பார்ப்பது ஆகியவற்றுக்கே கூடம் வேண்டும். கண்ணாடி இல்லாத மண்டபத்தில் கைப்பேசியில் பதிவு செய்து, பிழைகளை வீட்டில் பார்க்கலாம்.

சேர்ந்து கேட்டால் கிடைக்கும்

சங்கப் பதிவு உள்ள குழுவுக்கு மண்டபம் கேட்பதும் மானியம் கேட்பதும் எளிது. இந்திய சமூக உருமாற்றப் பிரிவான மித்ராவும், 2017-இல் தொடங்கப்பட்ட பண்பாட்டுப் பொருளாதார மேம்பாட்டு நிறுவனமான செண்டானாவும் அவ்வப்போது விண்ணப்பங்களைக் கோருகின்றன. விண்ணப்பத்தில் ஆடைக்கும் மேடைக்கும் தொகை கேட்கும்போது, பயிற்சிக்கூட வாடகையையும் தனி இனமாகக் காட்ட மறக்கக்கூடாது.

அண்டை நாடான சிங்கப்பூரில், 1985 முதல் கலைக் குழுக்களுக்கு அரசுக் கட்டடங்களைச் சலுகை வாடகைக்குத் தரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அங்கே இட வாடகை கலைச் செலவாகவே பார்க்கப்படுகிறது. இங்கே சூத்ரா வேறு வழியைக் காட்டியது. குவாலா சிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டப்புறப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே நடனத்தைக் கொண்டு சென்றது.

ஒன்றுசேர்ந்து இடம் உண்டாக்குவது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் வளர்ந்தது. பல அரங்கேற்றங்களும் நூல் வெளியீடுகளும் நடக்கும் டான்ஸ்ரீ சோமா அரங்கம் அச்சங்கத்தின் விஸ்மா துன் சம்பந்தனில்தான் இருக்கிறது. குடியிருப்பு மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை கேட்க, எட்டுப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு கடிதமே தொடக்கமாகப் போதும்.