கடத்துக்கு முன்வரிசை

மயிலாப்பூர் சபாக்களில் நாற்பது வருஷம் கடம் வாசித்தவன் நான். நடுவில் பாடகர், ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். அதற்குப் பின்னால், மைக் மிச்சமிருந்தால் மைக்கோடு, நான். உபபக்கவாத்தியம் என்று அதற்குப் பெயர். ஒரு மார்கழியில், "நேரம் கம்மி, கடம் வேண்டாமே" என்று மேடையேறும் முன்பே சொல்லிவிட்டார்கள். பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில், சிநேகிதன் ஒருவன் பர்மா பஜாரிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தான். ராக் பாட்டு என்றுதான் சொன்னான். போட்டால் கிட்டார், வயலின், தபலா, அவற்றோடு கடம்! வயிற்றில் உள்ளங்கை விழும் 'கும்', கழுத்தருகே விரல் படும் 'டிக்', இரண்டும் காதுக்குள்ளேயே கேட்டன. சபாவில் முதல் வரிசை மாமாவுக்குக்கூட அப்படிக் கேட்டிருக்காது. அந்தக் குழுவின் பெயர் 'சக்தி'.

அதை அமைத்த ஜான் மெக்லாஃப்லின் இங்கிலாந்துக்காரர். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு வாசித்துவிட்டு, 1971-இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' தொடங்கியவர். இரட்டைக் கழுத்து மின் கிட்டார், டிரம்ஸ், காது கிழியும் சத்தம். 1973 முடிவில் முதல் அணி கலைந்தது. அந்தக் காலத்தில் அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை சொல்லிக்கொள்ளப் போனார். குரு யார் தெரியுமோ? நம் எஸ். ராமநாதன். வயலின்காரர் எல். சங்கரும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தார். வி. லட்சுமிநாராயணாவின் பிள்ளை, 'மால்குடி டேஸ்' இசையமைத்த எல். வைத்தியநாதனின் தம்பி. அவர்களோடு ஜாகிர் உசேனின் தபலா, எம்.எஸ். கச்சேரிகளில் கடம் வாசித்த விக்கு விநாயக்ராம், ராம்நாடு ராகவனின் மிருதங்கம். 1975 ஜூலை 5, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரி; அந்தப் பதிவுதான் முதல் ஆல்பம்.

வீணை கற்றவர் வீணைக்காரராகிவிடவில்லை, கிட்டாரையே மாற்றினார். எனக்குப் பிடித்த இடம் இது. வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும், நடுவில் பள்ளம். தந்தியை அமுக்கிப் பக்கவாட்டில் இழுத்தால் கமகம் வரும். கிட்டார் பலகை தட்டை. பக்கத்து வீட்டுப் பையனின் கிட்டாரில் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை இழுத்துப் பார்த்திருக்கிறேன். விரல் மரத்தில் இடித்து நின்றுவிட்டது. பையன் சிரித்தான். மெக்லாஃப்லினுக்கு கிப்ஸன் கம்பெனி செய்துகொடுத்த கிட்டாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்திருந்தார்கள். ஒலித்துளையின்மேல் குறுக்காகச் சுருதிக்கென்று ஏழு தந்திகள். தம்பூராவை மடியிலேயே கட்டிக்கொண்ட மாதிரி.

மேற்கத்தியர் ஞானம் தேடி இங்கே வந்த கதையாக இதைச் சொல்வார்கள். ஞானம் இருக்கட்டும். எனக்குப் பட்டது உட்காரும் வரிசைதான். ராக் குழுவில் டிரம்ஸ்காரர் பின்னால், நம் மேடையில் கடக்காரர் பின்னால். சக்தியின் புகைப்படங்களைப் பாருங்கள்: ராகவன் விலகியபின் நால்வரும் ஒரே மேடையில், பக்கம் பக்கமாக, சப்பணமிட்டு. மெக்லாஃப்லினும் விக்குவும் 1942-இல் பிறந்தவர்கள், சம வயது.

மூன்று ஆல்பங்களோடு, எழுபதுகளின் கடைசியில் சக்தி நின்றுபோயிற்று. வேடிக்கை என்னவென்றால், ராக்கை விட்டு கிட்டார்க்காரர் இந்தப் பக்கம் வந்தார். சங்கரோ எண்பதுகளில் 'எபிடமிக்ஸ்' என்று ராக் குழு அமைக்கப் போனார். விக்கு, 'கிரேட்ஃபுல் டெட்' ராக் குழுவின் டிரம்ஸ்காரர் மிக்கி ஹார்ட்டோடு 'பிளானட் டிரம்' வாசித்தார். அதற்கு கிராமி விருது. மெக்லாஃப்லினும் ஜாகிரும் தொண்ணூறுகளில் மறுபடி கூடியபோது, வயலின் இடத்தில் யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின், விக்குவுக்குப் பின் அவர் பிள்ளை செல்வகணேஷின் கஞ்சிரா. ஸ்ரீநிவாஸ் 2014-இல் போய்விட்டார், வயது நாற்பத்தைந்து. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த கேசட்டைக் கேட்ட வாரம் லஸ் பக்கம் ஒரு கச்சேரி. கடத்தை அரை அடி முன்னால் நகர்த்தி, மிருதங்கத்துக்குச் சமமாக வைத்துக்கொண்டேன். வர்ணம் பாதி ஆகியிருக்கும். மிருதங்க அண்ணா திரும்பி, பானையை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். வாய் திறக்கவில்லை. சரணம் வருவதற்குள் பின்னால் இழுத்துக்கொண்டுவிட்டேன்.